சீசாவுக்குள் மின்சாரம் சேர்த்த அச்சுக்காரர்

தென்னாட்டிலிருந்து இங்கே படிக்க வரும் நம்மவர் ஒவ்வொருவருக்கும் முதல் குளிர்காலத்தில் ஓர் அதிசயம் காத்திருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கம்பளிச் சட்டையைத் தலைவழியே கழற்றும்போது சடசடவென்று சப்தம் கேட்கிறது. இருட்டில் நீலப் பொறிகள் பறக்கின்றன. கதவின் பித்தளைப் பிடியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று தைக்கிறது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ வளர்ந்தவர்கள் இதை அநேகமாகக் கண்டிருக்க மாட்டார்கள். கடற்காற்றின் ஈரம், சேருகிற மின்சாரத்தை உடனுக்குடன் வடித்துவிடும். குளிர் மிகுந்த வறண்ட அறையிலோ அது நம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது.

இந்தப் பொறியைச் சீசாவில் சேர்த்து வைத்து, அதன் வரவு செலவை ஆராய்ந்த ஒருவரின் வரலாற்றை நம் சங்க மலருக்கு எழுத விரும்பினேன். பெஞ்சமின் பிராங்க்ளின் காற்றாடி விட்டவர், இடிதாங்கி கண்டவர், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். காற்றாடிக்கு முந்திய ஐந்தாறு வருஷங்களைப் பற்றி நமக்கு யாரும் அதிகம் சொன்னதில்லை. அந்தக் காலத்தைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். அரசியல் வாழ்வை விரைவாகத் தாண்டிச் செல்வதை நம் சங்கத்துச் சரித்திர மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்பவர். அவருக்குப் பிறந்த 17 குழந்தைகளில் இவர் 15-ஆவது. பள்ளிப் படிப்பு இரண்டே வருஷம். பத்து வயதில் அது நின்றது. பன்னிரண்டு வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். தமையனாரின் கை கொஞ்சம் நீளம். அடி பொறுக்காமல் 1723-இல் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். அங்கே கூலிக்கு அச்சுக் கோத்துப் பின்னர் சொந்த அச்சகம் வைத்தார். 1729-இல் ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கினார். 1732 முதல் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1731-இல் நண்பர்களுடன் சந்தா சேர்த்து ஒரு நூல்நிலையம் தொடங்கினார். மின்சாரம் அவரைத் தேடி வந்தது அந்த நூல்நிலையத்தின் வழியாகவே.

1743-இல் பாஸ்டனுக்குச் சென்றிருந்தபோது, ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு டாக்டர் காட்டிய மின்சார வேடிக்கைகளைப் பார்த்தார். சில ஆண்டுகளுக்குப் பின், லண்டன் வணிகரும் ராயல் சொசைட்டி உறுப்பினருமான பீட்டர் காலின்சன் அந்த நூல்நிலையத்துக்கு ஒரு கண்ணாடிக் குழலையும், அதைத் தேய்த்துச் செய்யும் பரிசோதனைகளைப் பற்றிய விவரத்தையும் அனுப்பினார். பிராங்க்ளினுக்கு அப்போது நாற்பது வயது. குழலைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வீட்டில் கூட்டம் மொய்த்தது. கூட்டத்தைக் குறைப்பதற்காக உள்ளூரிலேயே அத்தகைய குழல்களைச் செய்வித்து நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டார்! பிலிப் சிங் என்ற வெள்ளித் தட்டார், தாமஸ் ஹாப்கின்சன், வேலையின்றி இருந்த அண்டை வீட்டுக்காரர் எபனேசர் கின்னர்ஸ்லி ஆகிய மூவரும் கூடச் சேர்ந்தார்கள். குழலைக் கையால் தேய்த்துக் கை சலித்ததால், சாணைக்கல்லைப் போலக் கைப்பிடியால் சுற்றக்கூடிய கண்ணாடி உருண்டை ஒன்றைச் சிங் அமைத்துக் கொடுத்தார். ஆக, நால்வரில் ஒருவரும் கல்லூரி ஆராய்ச்சிசாலையில் உட்கார்ந்தவர் அல்லர். 1748-இல் அச்சகத்தைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டுப் பிராங்க்ளின் இதற்கென்றே நேரம் ஒதுக்கினார்.

ஐரோப்பாவிலே அப்போது புதிதாக ஒரு பொருள் பேச்சாக இருந்தது. 1745 இறுதியில் பொமரேனியாவில் பான் கிளைஸ்டும், அடுத்த ஜனவரியில் லைடன் நகரில் முஷன்புரூக்கும் தனித்தனியே கண்ட லைடன் ஜாடிதான் அது. கண்ணாடிச் சீசா, உள்ளே தண்ணீர், தக்கையின் வழியே தண்ணீரில் இறங்கும் கம்பி, வெளியே பிடித்திருக்கும் கை: அவ்வளவே. கைக்குப் பதிலாக ஈயத் தகடு சுற்றினால் இன்னும் நல்லது. நம் பாடநூல் மின்தேக்கி என்று சொல்லும் சாதனம் இதுதான். மின்விசிறி சுற்றாமல் முனகும்போது கண்டென்ஸர் போய்விட்டது என்று வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியன் சொல்கிறாரே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

சீசாவுக்குள் மின்சாரத்தைத் திணித்து நிரப்புகிறோம் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1747-இல் காலின்சனுக்கு எழுதிய கடிதங்களில் பிராங்க்ளின் அதை மறுத்தார். ஏற்றிய சீசாவிலும் ஏற்றாத சீசாவிலும் உள்ள மின்சாரத்தின் மொத்த அளவு ஒன்றே. உட்புறத்தில் எவ்வளவு சேருகிறதோ அவ்வளவு வெளிப்புறத்திலிருந்து வெளியேறுகிறது. வெளியேற வழியில்லையானால் உள்ளே சேரவும் சேராது. சீசாவைக் கையில் பிடிக்காமல் மெழுகுப் பாளத்தின் மேல் வைத்து உருண்டையை எத்தனை நேரம் சுற்றினாலும் அது ஏறுவதில்லை. சேர்ந்ததை மிகை என்றும் இழந்ததைக் குறை என்றும் பெயரிட்டு, கூட்டல், கழித்தல் குறிகளைப் போட்டார். இருபது வருஷம் கடைக் கணக்கு எழுதிய வியாபாரிக்கு இது எளிதாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் வரவு எழுதினால் மறு பக்கம் பற்று எழுதாமல் பேரேடு நேர்படாதல்லவா?

இதை மெய்ப்பிக்க அவர் செய்த பரிசோதனைகளில் ஒன்றை நாமும் மேஜைமேல் செய்து பார்க்கலாம். ஏற்றிய சீசாவை மெழுகின் மேல் வைத்து, வெளிப்புற ஈயத்திலிருந்து ஒரு கம்பியை மேல்நோக்கி வளைத்து, உட்கம்பிக்குச் சில அங்குல தூரத்தில் நிறுத்தினார். இரண்டுக்கும் நடுவே பட்டு நூலில் ஒரு சிறு தக்கை உருண்டையைத் தொங்கவிட்டார். தக்கை ஒரு கம்பியைத் தொடும், விலகும், மற்றதைத் தொடும், திரும்பும். உள்ளே உள்ள மிகையைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டுபோய் வெளியே உள்ள குறையை அடைத்துவிட்டு, கணக்கு நேரானதும் அசையாமல் நின்றுவிடும். இதே தக்கையைத் தீயில் கருக்கி, நூலால் கால்கள் வைத்து, உயிருள்ள சிலந்திபோல ஆடவிட்டதும் உண்டு. புத்தக அட்டையில் பொன்வரி இழைத்திருப்பார்களே, அதன் வழியே சீசாவை இறக்கி, இருட்டில் பொன்கோட்டின் மேல் நெருப்பு ஓடுவதையும் காட்டினார். அச்சுக்காரர் வீட்டில் புத்தகத்துக்கா பஞ்சம்?

மின்சாரம் தண்ணீரில் இருக்கிறதா, கம்பியில் இருக்கிறதா, கண்ணாடியில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஏற்றிய சீசாவின் கம்பியை எடுத்துவிட்டு, தண்ணீரை வேறொரு காலிச் சீசாவில் ஊற்றிப் பார்த்தார். அதில் அதிர்ச்சி இல்லை. பழைய சீசாவில் தேநீர்க் கெண்டியிலிருந்து புதுத் தண்ணீரை ஊற்றித் தொட்டார். அது பலமாக அடித்தது. ஆகவே ஆற்றல் கண்ணாடியில்தான் உள்ளது என்று முடிவு செய்தார். அப்படியானால் சீசா வடிவம் எதற்கு? ஒரு ஜன்னல் கண்ணாடியின் இரு பக்கமும் ஈயத் தகடு ஒட்டினால் போதுமே!

1749 ஏப்ரல் 29-ந் தேதியிட்ட கடிதத்தில் விவரிக்கப்படும் சாதனம் இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. பெரிய ஜன்னல் கண்ணாடிகள் 11. ஒவ்வொன்றின் இருபுறமும் மெல்லிய ஈயத் தகடு. இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் பட்டுக் கயிறுகளின் மேல் செங்குத்தாக நிறுத்தப்பட்டவை. முதல் கண்ணாடியிலிருந்து வெளியேறுவது இரண்டாவதன் உட்புறத்துக்குப் போகும்படியும், இரண்டாவதிலிருந்து வெளியேறுவது மூன்றாவதற்குப் போகும்படியும் கம்பியும் சங்கிலியும் இட்டு இணைத்தார். ஒரு கண்ணாடியை ஏற்றும் உழைப்பிலேயே பதினொன்றும் ஏறிவிட வேண்டும் என்பது நோக்கம். ஏற்றி முடிந்த பின் மிகைப் பக்கங்களையெல்லாம் ஒரு நீளக் கம்பியிலும், குறைப் பக்கங்களையெல்லாம் இன்னொரு கம்பியிலும் சேர்த்துவிட்டால், எல்லாவற்றின் பலமும் ஒரே வீச்சில் இறங்கும். ஏற்றும்போது தொடர் இணைப்பு, இறக்கும்போது பக்க இணைப்பு! பீரங்கிகளை வரிசையாக நிறுத்தும் அணிக்கு வழங்கும் பாட்டரி என்ற பெயரை இதற்குச் சூட்டினார். டார்ச் விளக்கில் போடும் பாட்டரிக்குப் பெயர் வந்த கதை இதுதான்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பிராங்க்ளினின் பேரேட்டில் மின்சாரத்தின் அளவு இருந்தது. அழுத்தம் என்ற பத்தி இல்லை. வோல்ட்டு என்ற அலகு பிறக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆக வேண்டும். தொடராக இணைத்த 11 கண்ணாடிகளில் ஒவ்வொன்றும் தனியே நிற்கும் ஒன்றைப் போல முழுமையாக ஏற வேண்டுமானால், சுற்றும் உருண்டை 11 மடங்கு அழுத்தம் தர வேண்டும். அது தராது, ஆகவே ஒவ்வொன்றிலும் பதினொன்றில் ஒரு பங்கே சேரும். ஒரே உழைப்பில் பதினொன்று என்பது மனக்கோட்டையே. ஆனால் அவர் இதைக் கவனிக்காமல் விட்டவர் அல்லர். பல சீசாக்களைத் தொடராக ஏற்றும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டுகிறது என்றும், எதிர்ப்புகள் ஒன்றுசேர்ந்து உருண்டைக்குச் சமமாகிவிட்டால் மேற்கொண்டு ஏறுவதில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதிவைத்தார். பெயர் தெரியாத ஒன்றைக் கண்ணால் கண்டு, கண்டபடியே குறித்திருக்கிறார். நான் முதலில் படித்தபோது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் முறைதான் உறைத்தது. 1920-களில் ஜெர்மானியரான எர்வின் மார்க்ஸ் இதையே தலைகீழாக்கினார். பக்க இணைப்பில் ஏற்றி, தொடர் இணைப்பில் இறக்கினால் அழுத்தம் பல மடங்காகும். உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடங்களில் செயற்கை மின்னல் உண்டாக்குவது அந்த முறையினால்தான்.

கோடை வந்ததும் காற்றில் ஈரம் மிகுந்து பரிசோதனைகள் சரிவர நடக்கவில்லை. அந்தப் பருவத்துக்கு முடிவாக ஷூயில்கில் நதிக்கரையில் ஒரு விருந்து வைத்துக்கொள்ளலாம் என்று அதே கடிதத்தில் எழுதினார். வான்கோழியை மின்சாரத்தால் கொல்வது, மின்சாரத்தால் சுழலும் கம்பியில் கோத்து வாட்டுவது, அடுப்பையும் சீசாவின் பொறியால் மூட்டுவது என்பது திட்டம். படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆயினும் வான்கோழி விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை.

1750 டிசம்பர் 23-ந் தேதி, பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, இரண்டு பெரிய ஜாடிகளை ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு வான்கோழியைக் கொல்ல ஆயத்தமானார். சாதாரணச் சீசாக்கள் நாற்பதில் அடங்குவது அவ்விரண்டில் இருந்தது. சுற்றிலும் நண்பர்கள். பேச்சு சுவாரசியத்தில் ஒரு கை மேற்கம்பிகளைத் தொட்டது. மற்றொரு கையில், இரு ஜாடிகளின் வெளிப்புறத்தோடும் இணைந்த சங்கிலி இருந்தது. அவ்வளவும் இரு கைகளின் வழியாக மார்பைக் கடந்து போயிற்று. பெரிய ஒளி வீசியதாகவும் துப்பாக்கி வெடித்தாற்போல் சப்தம் கேட்டதாகவும் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவருக்கோ ஒளியும் தெரியவில்லை, சப்தமும் கேட்கவில்லை. தலை முதல் கால் வரை ஒரே அடி விழுந்தாற்போல் இருந்தது. பிறகு உடம்பு வெகு வேகமாக உதறியது. கைகளும் பிடரியும் மறுநாள் காலை வரை மரத்துக் கிடந்தன. நெஞ்செலும்பில் சில நாள் நோவு.

இரண்டே நாளில் இதை விவரமாக எழுதி பாஸ்டனுக்கு அனுப்பினார். இப்படிப்பட்ட தவறு செய்ததற்கு வெட்கப்படுவதாகவும், எச்சரிக்கைக்காக ஒரு நண்பருக்குச் சொல்லலாம், அதற்குமேல் ஊரறியச் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பாவம், இருநூற்றெழுபது வருஷம் கழித்து நம் சங்க மலர் வரைக்கும் அது வந்துவிட்டது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு விடுதி அறையில் பழைய பிலிம் காமிராவின் பிளாஷ் விளக்கைப் பிரித்து, அதன் மின்னேற்றும் சுற்றைப் போல ஒன்றை நானே அமைத்தேன். ஒன்றரை வோல்ட்டுப் பாட்டரி ஒன்று. அதன் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தரம் விட்டு விட்டுச் செலுத்த ஒரு டிரான்சிஸ்டர். அழுத்தத்தை உயர்த்தக் கட்டைவிரல் நுனியளவு டிரான்ஸ்பார்மர். திரும்பி வராமல் தடுக்க ஒரு டையோடு. முடிவில் 100 மைக்ரோபாரட் மின்தேக்கி. பத்து, பன்னிரண்டு நொடியில் 300 வோல்ட்டுக்கு ஏறியது. பெருமைக்குக் கேட்பானேன்! பிறகு பாட்டரியைக் கழற்றிவிட்டு, இனி அபாயம் இல்லை என்று எண்ணிப் பலகையை இரு கைகளாலும் எடுத்தேன். அடுத்த கணம் நாற்காலியோடு சுவரில் இருந்தேன். மின்தேக்கிக்கு ஏற்றும் இயந்திரம் தேவை ஏற்றும்போது மட்டுமே; ஏறியது தானாக இறங்காது. இறங்குவதற்கென்று இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு மின்தடை போட்டிருக்க வேண்டும். 1 மெகா ஓம் போட்டால்கூட 2 வோல்ட்டுக்கு வர எட்டு நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். என் பலகையில் அதுவும் இல்லை. பிராங்க்ளின் தக்கை உருண்டையைத் தொங்கவிட்டது எதற்கென்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

இனி எல்லாருக்கும் தெரிந்த பகுதி. மேகத்தில் உள்ளதும் சீசாவில் உள்ளதும் ஒன்றே என்று காட்ட, உயரமான இடத்தில் கூரான இரும்புக் கம்பி நட்டு, அதன் அடியில் ஒருவன் மெழுகு மேடைமேல் நின்று பொறி வருகிறதா என்று பார்க்கலாம் என 1750-இல் யோசனை எழுதினார். அவருடைய கடிதங்கள் 1751-இல் லண்டனில் நூலாக வெளியாயின. பாரிஸில் பெரும் பண்டிதரான நொல்லே, பிலடெல்பியாவில் பிராங்க்ளின் என்று ஒருவர் இருப்பதையே முதலில் நம்பவில்லை. எதிரிகள் கட்டிவிட்ட பெயர் என்று நினைத்தாராம். ஆனால் 1752 மே 10-ந் தேதி பாரிஸ் அருகே மார்லியில் தாலிபார் ஏற்பாடு செய்த கம்பியில் பொறி வந்தது. அதை அறியாமலே, ஜூனில் பிராங்க்ளின் காற்றாடி விட்டார் என்பது வரலாறு. நூலின் நுனியில் தொங்கிய சாவியிலிருந்து அவர் ஏற்றியது ஒரு லைடன் ஜாடியைத்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் வீட்டுக்குள்ளேயே கம்பியை இறக்கி, மேகம் வந்தால் அடிக்கும்படி மணிகள் கட்டினார். மேகத்தில் ஏற்றிய சீசாவையும் உருண்டையில் ஏற்றிய சீசாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இடிமேகங்கள் பெரும்பாலும் குறை மின்சாரம் உடையவை என்று கண்டது இந்த ஏற்பாட்டால். அவர் லண்டனில் இருந்த காலத்தில் மணிச் சப்தம் மனைவி டெபராவைப் பயமுறுத்தியதால், மணிகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் சப்தமின்றி இறங்கும் என்று கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

எல்லாருக்கும் அவரைப் போல அதிர்ஷ்டம் இருக்கவில்லை. பீட்டர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ரிக்மான், கூரையிலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பியில் ஓர் அளவுமானி வைத்திருந்தார். கம்பிக்குப் பூமியோடு இணைப்பு இல்லை. 1753 ஆகஸ்ட் 6-ந் தேதி இடி முழங்க, அளவைப் பார்க்கக் குனிந்தார். கம்பியிலிருந்து ஒரு நெருப்புருண்டை அவர் தலையில் பாய்ந்தது, அங்கேயே மாண்டார். பிராங்க்ளினின் யோசனையில் இந்த அபாயத்துக்கு மாற்று இருந்தது: அஞ்சுபவன் மேடைமேல் நிற்காமல் தரையில் நின்று, பூமியோடு இணைந்த கம்பியை மெழுகுப் பிடியால் பிடித்துக் கொண்டுபோய்ப் பொறியை வாங்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அதை அஞ்சுபவனுக்கு மட்டும் என்று விட்டது சரியன்று என்பேன். வான்கோழி அடிக்குப் பிறகாவது எல்லாருக்கும் விதியாக்கியிருக்கலாம்.

1753-இல் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தது. புகழ் பரவியதும் பாரிசவாய்வு கண்ட நோயாளிகளைப் பல ஊர்களிலிருந்து அவரிடம் கூட்டி வந்தார்கள். ஆறு காலன் பிடிக்கும் இரண்டு ஜாடிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 3 சதுர அடி ஈயப் பூச்சு; இவற்றை ஏற்றி நாளுக்கு மூன்று முறை நோயுற்ற உறுப்பின் வழியே செலுத்தினார். கண்ணாடியின் கனம் 3 மில்லிமீட்டர், அழுத்தம் 30,000 வோல்ட் என்று வைத்து நான் கணக்கிட்டதில் இரண்டு ஜாடிகளுக்கும் சேர்த்துச் சுமார் நாலரை ஜூல் வருகிறது. என்னைச் சுவரில் சாத்திய மின்தேக்கியிலும் அதே நாலரை ஜூல்! நோயாளிகளுக்கு முதல் சில நாள் கை கால் சற்று அசைந்தது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு முன்னேற்றம் இல்லை. மனம் தளர்ந்து வீடு திரும்பினர். நிரந்தரமான பயன் எதையும் தாம் காணவில்லை என்று 1757-இல் லண்டன் டாக்டர் ஒருவருக்குத் தெளிவாக எழுதினார். மின்சார வைத்தியம் செய்து பலர் பணம் சேர்த்த காலம் அது.

அவருடைய பேரேட்டில் ஒரு பிழையும் நிலைத்துவிட்டது. தேய்த்த கண்ணாடிக்கு மிகை வருகிறது என்று அவர் கொண்டது வெறும் ஊகம். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டபோது, ஓடுவது எதிர்க்குறி உடையது என்று தெரிந்தது. அதற்குள் உலகம் முழுவதும் அவர் குறிகளையே போட்டுப் பழகிவிட்டது. நம் முதலாண்டு மாணவர்கள் மின்னோட்டத்தின் திசை ஒருபுறம், எலெக்ட்ரான் ஓடும் திசை மறுபுறம் என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

1757-க்குப் பின் அவர் வாழ்வு பெரும்பாலும் லண்டனிலும் பாரிஸிலும் தூது சென்று கழிந்தது. 1776-இல் சுதந்திரப் பிரகடனம், 1778-இல் பிரான்ஸோடு உடன்படிக்கை, 1783-இல் சமாதானம், 1787-இல் அரசியல் சட்டம் ஆகிய நான்கிலும் அவர் கையெழுத்து உண்டு. அடிமைகளை வைத்திருந்தவர், தம் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களை அச்சிட்டுக் காசு வாங்கியவர். 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு அது குறித்து அமெரிக்கக் காங்கிரஸுக்கு விண்ணப்பம் அனுப்பினார். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை.

1790 ஏப்ரல் 17-ந் தேதி, 84-ஆம் வயதில் பிலடெல்பியாவில் காலமானார். உயிலில் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலைக்கு ஆயிரம் பவுன் எழுதிவைத்திருந்தார். தொழில் பழகி முடித்த இளைஞர்களுக்கு அதை 5 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்க வேண்டும். வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நூறாம் ஆண்டில் ஒரு பகுதியை எடுக்கலாம். மீதியை இருநூறாம் ஆண்டு வரை வளரவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 1990-இல் கணக்கை முடித்தபோது பிலடெல்பியாவின் பங்கு சுமார் 20 லட்சம் டாலராகவும், பாஸ்டனின் பங்கு 50 லட்சத்தை ஒட்டியும் இருந்தது.